ஒரே தெரு, பல வழக்கம்: பேச்சும் பிணக்கும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையின் கிழக்குப் பகுதியில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். சௌராஷ்டிர நெசவுக் குடும்பங்கள், இஸ்லாமியக் குடும்பங்கள், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய பல சாதியினர், கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த வெளிமாநில இளைஞர்கள் என எல்லோரும் நான்கு சந்துகளுக்குள் வாழும் இடம் அது. அங்கே என்னிடம் கேட்கப்பட்ட சந்தேகங்களையே பிறகு வேறு சங்கங்களிலும் சிறு தொழிற்கூடங்களிலும் கேட்டேன். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல், என் பதில்களை மட்டும் ஒழுங்குபடுத்தி இங்கே தந்திருக்கிறேன்.

"இதெல்லாம் சும்மா வாய்த் தகராறுதானே? இதுக்குப் போயி எதுக்குங்க இவ்வளவு விளக்கம்?"

வாய்த் தகராறு எதிலிருந்து பிறந்தது என்பதைப் பொறுத்தே அதற்கான மருந்தும் அமைகிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டது ஒரு வகை. தண்ணீர், பாதை, வண்டி நிறுத்தும் இடம், இரவுச் சத்தம் என ஒரே பொருளுக்கு இருவர் போட்டியிடுவது இன்னொரு வகை. ஒருவரை மனிதராகவே மதிக்காமல் நடத்துவது மூன்றாவது வகை. முதலாவதை விளக்கத்தாலும் இரண்டாவதைப் பேரத்தாலும் தீர்க்கலாம். மூன்றாவதற்கு இவை இரண்டும் போதாது. அதைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

நடைமுறையில் பெரும்பாலோர் செய்யும் பிழை, மூன்றாவது வகையை முதல் வகை என்று சொல்லி மழுப்புவதும், முதல் வகையை மூன்றாவது வகை என்று நினைத்துக் கொதிப்பதும்தான்.

"நீ, நீங்க – ஒரு வார்த்தையில என்ன இருக்கு?"

நம் ஊரில் பாதிச் சண்டை அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகிறது. ஒரு பீகார் இளைஞர் வீட்டுக்காரப் பெரியவரிடம் "நீ சாவி குடு, நீ போ" என்று சொல்லிவிட்டார். பெரியவர் மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். விசாரித்தபோது, அந்த இளைஞர் தமிழ் கற்றது கட்டட வேலை நடக்கும் இடத்தில் என்பது தெரிந்தது. அங்கே மேஸ்திரி அவரிடம் பேசிய தமிழ் முழுவதும் "எடுறா, வாடா, நீ அங்க போ" என்பதாகவே இருந்திருக்கிறது. அவருடைய தாய்மொழிப் பக்கம் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள் உண்டு. மரியாதை அறியாதவர் அல்லர். தமிழில் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. நாம் கொடுத்த தமிழைத்தான் அவர் நமக்குத் திருப்பிக் கொடுத்தார். இதை விளக்கியதும் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சாவியும் திரும்பி வந்தது.

இதையே ஒரு கிராமத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பையன், தன் தாத்தா வயதுள்ள ஒருவரை, அவர் பிறந்த சாதியின் காரணமாகப் பெயர் சொல்லி "வாடா" என்று அழைக்கிறான். அங்கே மொழி தெரியாத குறை எதுவும் இல்லை. வார்த்தை ஒன்றேயானாலும் முன்னது முதல் வகை, பின்னது மூன்றாவது வகை.

"வடக்கத்திப் பயலுக நைட்டு சத்தமாப் பேசுறாங்க, கேட்டா முறைக்கிறாங்க. என்ன பண்றது?"

முதலில் "வடக்கத்திப் பயலுக" என்பதை விட்டுவிட வேண்டும். அவர்களில் ஒடியா, வங்காளி, அசாமியா ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு. எல்லோரையும் இந்திக்காரர் என்று அழைப்பது, நம்மை வெளியூரில் ஒட்டுமொத்தமாக "மதராசி" என்று அழைத்தபோது நமக்கு வந்த எரிச்சலையே அவர்களுக்கும் தரும். "பாய்" என்ற சொல்லும் ஒரு வேடிக்கையான கண்ணி. இந்தியில் அது அண்ணன், தம்பி என்று பொருள்படும். மதுரையில் இஸ்லாமியரை அழைக்கும் சொல். தன்னை "பாய்" என்று கூப்பிட்ட இளைஞரிடம், திருநீறு பூசிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் "என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?" என்று சண்டைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இடநெருக்கடி. ஓர் அறையில் பத்துப் பேர் தங்கினால் வீட்டோடு பேச வாசற்படிக்குத்தான் வர வேண்டும், வேலை முடிந்து வரும் நேரமோ இரவு பத்து மணி. எங்கள் தெருவில் மொட்டைமாடியின் பின்பக்கத்தை அதற்கென்று ஒதுக்கச் சொல்லி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தோம், அதோடு பிரச்சினை அடங்கியது. முறைப்பைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் கண்ணை எடுக்காமல் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. மொழி புரியாதவரோ வாயசைவையும் முகத்தையும் உற்றுப் பார்த்துத்தான் பொருளைப் பிடிக்க முயல்கிறார்.

"அவங்க மொழி நமக்குத் தெரியாது. போன்ல மொழிபெயர்த்தாப் போதாதா?"

வாடகை, தண்ணீர் வரும் நேரம், குப்பை எடுக்கும் நாள் ஆகியவற்றுக்குப் போதும். சண்டைக்குப் போதாது. கோபத்தில் சொல்லும் சொற்களில் பாதி கேலியும் பழமொழியுமாக இருப்பதால், கருவி அவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, இல்லாத வசவை உண்டாக்கிவிடும். ஒரு மனிதர் வேண்டும். ஆனால் ஆள் கூட்டி வந்த ஒப்பந்தக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கூலிப் பாக்கியில் அவருக்கும் ஒரு கை இருக்கலாம், தொழிலாளி அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார்.

"சரி சரி" என்பதையும் தலையாட்டலையும் சம்மதமாக எண்ணிவிடக் கூடாது. நம் ஊரிலேயே அது "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கான அடையாளம்தான். என்ன முடிவானது என்பதை அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னால், இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

"இலங்கைத் தமிழர் நம்ம மொழிதானே பேசுறாங்க? அவங்களோட என்ன குழப்பம்?"

ஒரே மொழி என்பதனால்தான் குழப்பம் வெளியே தெரிவதில்லை. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய முகாம்களைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "கதைக்க வேணும்" என்றால் அவர்களுக்குப் பேச வேண்டும் என்று பொருள்; நம் காதில் அது கதை அளப்பதாக விழுகிறது. "ஆறுதலா வாங்கோ" என்றால் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று பொருள். துக்க வீட்டுக்கு அழைப்பதாக நினைத்துக்கொண்டு பதறியவர் ஒருவர் உண்டு. நாம் உரிமையோடு சொல்லும் "வாடா", மரியாதைச் சொற்களிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அடி விழுந்ததுபோல இருக்கும்.

அகதிகள் முகாம் என்ற பெயரை 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நம் பேச்சில் பழைய சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேயே பிறந்து முப்பது வயதானவரையும் அப்படி அழைப்பதில் நியாயம் இல்லை.

"எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்குறது சாதாரண விசாரிப்புத்தானே?"

முதல் கேள்வி விசாரிப்பாக இருக்கலாம். "எந்த ஊரு" என்பதற்கு அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்", அதற்கும் அடுத்து "குலசாமி எது" என்று போனால், கேட்பவர் எதைத் தேடுகிறார் என்பது இருவருக்கும் தெரியும். இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்லிப் பழகிய பிள்ளைகள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். பிணக்கைத் தீர்க்க உட்காருபவர் இதைக் கேட்கவே கூடாது.

உறவுச் சொற்களிலும் கவனம் தேவை. மதுரையில் "மாப்ள", "மச்சான்", "பங்காளி" என்பவை நட்பின் சொற்கள். அதே நேரத்தில், யாரோடு பெண் கொடுத்து எடுப்பது, யாரோடு கூடாது என்ற கணக்கும் அவற்றுக்குள் இருக்கிறது. நண்பர்களுக்குள் இனிக்கும் "மச்சான்", ஒரு கூட்டத்தில் பெரியவர்கள் முன்னால் சொல்லப்பட்டபோது ஒரு தரப்பு எழுந்து போனது. பொதுக் கூட்டத்துக்கு "ஐயா", "அம்மா", "அண்ணே", "அக்கா" போதும்.

"கூட்டத்துக்கு முறைப்படி கூப்பிட்டோம், அவங்க வரலை. அப்ப தப்பு அவங்க மேலதானே?"

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பொதுப்பாதை பற்றிய ஒரு கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வைத்தேன். அது ஜும்ஆ தொழுகை நேரம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட வராததால், "அவர்களுக்கு அக்கறை இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நேரமும் எங்களுக்கு ஆகாதது, இடமும் ஆகாதது, தேதியைப் பாத்தா வேணும்னே வச்ச மாதிரி இருக்கே" என்றார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. கீழே உண்மையை எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு எங்கள் கூட்டங்களை மாநகராட்சிப் பள்ளியின் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். நோன்பு மாதத்தில் மாலையைத் தவிர்த்தோம். தூய்மைப் பணியாளர்களும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகிறவர்களும் விடியலுக்கு முன்பே எழுபவர்கள், அவர்களால் இரவு ஒன்பது மணிக் கூட்டத்தில் விழித்திருக்க முடியாது. தண்ணீர் வரும் நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள். பிறகு முடிவு முழுவதும் ஆண்களின் முடிவாகிவிடும்.

"டீ கொடுக்கிறதுல கூடவா பாக்கணும்?"

அதில்தான் அதிகம் பார்க்க வேண்டும். கழிவுநீர் வாய்க்கால் தொடர்பாகப் பேச ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் எட்டுத்தான் இருந்ததால், முதலில் வந்தவர்களுக்கு டம்ளரிலும், பின்னால் வந்தவர்களுக்குக் காகிதக் கோப்பையிலும் டீ கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கீழத்தெருவைச் சேர்ந்த பட்டியல் சாதியினர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கோப்பைகள் தொடப்படாமல் தரையில் ஆறிக்கொண்டிருந்தன. ஆடை கட்டிய அந்த டீயை நான் பார்த்தபோது காரியம் கெட்டுவிட்டது.

டீக்கடைகளில் தனிக் குவளை வைத்த ஊர்கள் நம்மைச் சுற்றி இருந்தன. இரட்டைக் குவளை முறையை உச்ச நீதிமன்றம் 2011 ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பிலும் கண்டிக்க வேண்டியிருந்தது. அந்த நினைவு உள்ளவரிடம் டம்ளர் கணக்கைச் சொல்லி விளக்க முடியாது. எல்லோருக்கும் காகிதக் கோப்பை, அல்லது எல்லோருக்கும் டம்ளர். எல்லோருக்கும் நாற்காலி, அல்லது எல்லோருக்கும் ஜமுக்காளம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

"நாலு பெரியவங்க உக்காந்து பேசி முடிக்கிறது நம்ம வழக்கம். அதுவும் கட்டப்பஞ்சாயத்தா?"

இரு தரப்பும் விரும்பி வந்து, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்ற நிலையில் பேசினால் அது சமரசம். அபராதம் விதிப்பது, காலில் விழச் செய்வது, ஊர்விலக்கு வைப்பது, காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது என்று தடுப்பது, இவற்றில் ஒன்று நுழைந்தாலும் அது கட்டப்பஞ்சாயத்து. முன்பு சொன்ன அதே 2011 தீர்ப்பு, கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதமானவை, அவற்றை ஒழிக்க வேண்டும் என்றும் கூறியது.

முறையான வழிகள் பல உண்டு. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாக 2005 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளையிலும் சமரச மையம் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது, செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 2023 ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தில், ஒரு பகுதியின் அமைதியைக் குலைக்கக்கூடிய பிணக்குகளை, இரு தரப்பின் முன்சம்மதத்தோடு மூன்று பேர் கொண்ட குழு பேசித் தீர்ப்பதற்கென ஓர் அத்தியாயம் உண்டு. அப்படி எட்டிய உடன்பாடு நீதிமன்ற ஆணைபோல நிறைவேற்றத்தக்கது அல்ல என்பதையும் அது தெளிவாகவே சொல்கிறது.

"திருவிழா ரேடியோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கி – இதைப் பேச ஆரம்பிச்சாலே மதச் சண்டையாயிடுது. எப்படித் தொடங்குறது?"

சாமியைப் பற்றிப் பேசாமல் ஒலிபெருக்கிக் குழாயைப் பற்றிப் பேசித் தொடங்க வேண்டும். எந்தக் கம்பத்தில், எந்தத் திசையைப் பார்த்து, எத்தனை மணி வரை, பரீட்சை எழுதும் பிள்ளை எந்த வீட்டில், இதய நோயாளி எந்த வீட்டில் என்று வரைபடம்போலப் பேசினால், இது இரண்டாவது வகைப் பிணக்காகவே நிற்கும். 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக, ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது அளவு. இந்த எண்கள் எல்லா மதத்துக்கும் ஒன்றே என்பதால், ஒரு தரப்பை மட்டும் குறிவைத்ததாக யாரும் சொல்ல முடியாது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்குப் போவதும், அங்கே அவருக்கு இஸ்லாமிய நாயகி ஒருத்தி உண்டு என்னும் துலுக்க நாச்சியார் கதையும் மதுரைக்கு அழகானவைதான். ஆனால் சமாதானக் கூட்டங்களில் அந்தக் கதையை மேடையேறிச் சொல்கிறவர்கள், தங்கள் தெரு ஒலிபெருக்கிக் குழாயின் வாயை அரை அடி திருப்பச் சொன்னால் மறுக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

"வாட்ஸாப்ல ஒரு வீடியோ வந்திருக்கு, உண்மையான்னு தெரியலை. எச்சரிக்கைக்காக அனுப்பலாமா?"

கூடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகத் தொடர்பில்லாத காட்சிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அதற்குள் பயந்துபோன இளைஞர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றார்கள். எங்கள் சங்கத்தின் குழுவில் ஒரே விதி வைத்தோம்: எந்த இடம், எந்த நாள், யார் எடுத்தது என்று சொல்ல முடியாதவர் அனுப்பக் கூடாது.

"தீண்டாமைப் புகாரையும் பேசியே முடிச்சிடலாமே? கேஸுன்னு போனா ஊர் பேரு கெட்டுடும்ல?"

முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வகை இதுதான். 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைக் குற்றம் என்கின்றன. பின்னதின்படி, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்வு செய்ய வேண்டும். சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும்கூட அதில் குற்றமே. ஊரார் கூடி உட்கார்ந்து இதை மூடிவிட அதிகாரம் இல்லை. வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தை அடுத்த மோதலைத் தடுப்பதற்கானது, நடந்த குற்றத்துக்கு அது ரசீது ஆகாது. ஊர் பேர் கெட்டது குற்றம் நடந்த அன்றே என்பதையும் கேட்பவரிடம் நான் சொல்வதுண்டு.

நம் மாவட்டமே இதற்குச் சான்று. உத்தப்புரத்தில் 1989 சாதி மோதலுக்குப் பின் பட்டியல் சாதியினரைப் பிரித்து எழுந்த சுவரில் ஒரு பகுதி 2008 மே மாதம் நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. 2011 இல்தான் இரு தரப்பும் எழுத்து மூலமான உடன்பாட்டுக்கு வந்து, பட்டியல் சாதியினர் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். அதற்குப் பிறகும் உரசல் முற்றாக நின்றுவிடவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் முடங்கிக் கிடந்த தேர்தல் 2006 இல்தான் முறையாக நடந்தது. சட்டம் அசையாமல் நின்ற பிறகே பேச்சுக்கு இடம் கிடைத்தது. வரிசையை மாற்றி, பாதிக்கப்பட்டவரிடம் முதலில் "விட்டுக்கொடு" என்று கேட்பவரைச் சமாதானம் செய்பவர் என்று என்னால் அழைக்க முடியாது.

"நான் நடுநிலைன்னு சொன்னா ரெண்டு பக்கமும் என்னைச் சந்தேகப்படுதே?"

சந்தேகப்படத்தான் செய்வார்கள். நீங்கள் யாரிடமும் சாதி கேட்காமல் இருக்கலாம், உங்கள் சாதியை அவர்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள். எனவே நான் தனியாக உட்காருவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தரப்பும் நம்பும் ஒருவர், இரண்டுக்கும் வெளியே ஒருவர், அவர்களில் ஒருவராவது பெண். முதலில் தனித்தனியாகக் கேட்பது, பிறகே சேர்த்து உட்கார வைப்பது. தனியாகக் கேட்டதை மறுதரப்பிடம் அனுமதி இல்லாமல் சொல்லாதிருப்பது. இதற்கு மேல் நடுநிலை என்று ஒன்றைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை.

"மன்னிப்புக் கேட்டாத்தான் ஆச்சுன்னு நிக்கிறாங்க. எப்படிக் கேட்டா மன்னிப்பு?"

காலில் விழுவது மன்னிப்பு அன்று. அது அடுத்த பகைக்கு விதை. "மனசு நோகும்படி இருந்திருந்தா வருத்தம்" என்பதும் மன்னிப்பு அன்று. நோகவில்லை என்றால் வருத்தமும் இல்லை என்று அது சொல்கிறது. என்ன சொன்னேன் அல்லது செய்தேன், அது தவறு, இனி நடக்காது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாசலில் வைத்து அவமானப்படுத்திவிட்டு, அறைக்குள் அழைத்து மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. எங்கே, யார் முன்னால் அவமானம் நடந்ததோ அங்கேதான் கேட்க வேண்டும்.

தெருக் குழாயடியில் ஒரு மூதாட்டியைச் சாதி குறிப்பால் இழித்துப் பேசிய கல்லூரி மாணவன் ஒருவன் எங்கள் பகுதியில் இருந்தான். புகார் கொடுப்பது உங்கள் உரிமை, நாங்களே கூட வருகிறோம் என்று அந்த அம்மாவிடம் முதலில் சொன்னோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அவன் அங்கயே வந்து சொல்லட்டும், பெறகு பாக்கலாம்" என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, அதே பெண்கள் வரிசையில் நிற்க, அவன் வந்து தான் சொன்னது தவறு என்று சொல்லி, "இனி அப்படிப் பேச மாட்டேன் ஆத்தா" என்றான். அவர் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சரி, தள்ளி நில்லு, குடம் நெறஞ்சு வழியுது" என்றார்.